தாளில் வராத சிவப்பு

இப்ப யாருங்ணா ப்ரிண்ட் எடுக்கறாங்க என்று சுதாகர் போனில் கேட்டது காலையில். இப்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் சென்னியப்பன் வரிசையில் நிற்கிறார், அவருக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லோருமே ப்ரிண்ட் எடுக்க வந்தவர்கள்தான். அந்தக் கேள்வி இன்னும் காதை விட்டு இறங்கவில்லை. ஆற்றில் முழுகி எழுந்தால் காதுக்குள் தங்கிவிடும் தண்ணீர் மாதிரி, தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கொளக் கொளக் என்கிறது. சுதாகர் அந்த ஆஸ்பத்திரியின் மேலாளர். அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே ஆளைக் கழற்றிவிடத் தெரிந்தவன். கழற்றிவிட்டதில்கூட அவருக்குப் பெரிய வருத்தமில்லை. ஆஸ்பத்திரியின் இணையப் பக்கங்களை ஆரம்பத்திலிருந்து செய்து பார்த்துக்கொண்டவர் அவர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கோயமுத்தூர்க் கம்பெனிக்காரர்கள் வந்து புதிதாகச் செய்து கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். வீடு கட்டினவன்தான் கடைசிவரை குடியிருக்க வேண்டும் என்று சட்டமா என்ன. ஆனால் தாள்? "தாள்னு ஒரு கோப்பு வெச்சிருந்தேனுங்களே சுதாகர், அதைப் புதுசுல சேத்திட்டாங்களா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் யாரையோ விசாரித்துவிட்டு அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், "அது எதுக்குன்னே புரியலைங்களாம்ணா, தூக்கிட்டாங்களாம்." அதன் பிறகுதான் அந்தக் கேள்வியும் வந்தது. தூக்கிட்டாங்களாம். புரியவில்லை, அதனால் தூக்கியாயிற்று. புரியாததையெல்லாம் தூக்குவதென்றால் ஆபரேஷன் தியேட்டருக்குள் சுதாகருக்குப் புரியாத சாமான் எவ்வளவோ கிடக்கிறதே, போய் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட வேண்டியதுதானே. இதை அப்போதே சொல்லியிருக்கலாம். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். சரிங்க. எல்லாவற்றுக்கும் சரிங்க. கோபம் அவருக்கு எப்போதும் போனை வைத்த பிறகுதான் வரும், வந்தால் போகாது.

திரையில் இருக்கிற பக்கம் தாளுக்குப் போகிறபோது எப்படி மாறிக்கொள்ள வேண்டும் என்று சொல்வது அந்தக் கோப்பு, அவ்வளவுதான். மேலே சுற்றிக்கொண்டே இருக்கும் டாக்டர்கள் படம் தாளுக்கு வேண்டாம், பட்டன்கள் வேண்டாம், தாளில் யார் போய்ப் பட்டனை அமுக்குவார்கள். எழுத்து கறுப்பாக, கொஞ்சம் பெரிதாக வர வேண்டும். மருந்துப் பெயர் ஒரு பக்கத்திலும் அதைச் சாப்பிடும் வேளை அடுத்த பக்கத்திலும் உடைந்து போகக் கூடாது. அவசரத்துக்குக் கூப்பிடும் நம்பர் ஒவ்வொரு தாளின் அடியிலும் வர வேண்டும். இதையெல்லாம் யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில், ஆள் வராத மத்தியானங்களில், ஊர் பேர் தெரியாதவர்கள் செய்த பக்கங்களைத் திறந்து, அதன் பின்பக்கத்தைத் திறந்து, அங்கே எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டது. ஒருநாள் அப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டது. ஒரு பக்கம் போய்ச் சேரக்கூடிய இடங்கள் என்று போட்டிருந்தது: கம்ப்யூட்டர் திரை, தாள், கைக்கருவி, சுவரில் ஒளி விழுத்தும் பெட்டி, டிவி, பேச்சு, விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து. அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எழுதுகிறவன் ஒரே ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறான், ஆனால் எழுதியது எங்கெங்கோ போய் எந்தெந்த உருவத்திலோ நிற்கப் போகிறது, காதில்கூட, விரல் நுனியில்கூட. வீட்டுக்குப் போய் மனைவி வசந்தாமணியிடம் சொன்னார். "அப்ப உங்க பக்கத்தைத் தடவிப் பாத்து வேற படிப்பாங்களா, கண்றாவி" என்று சொல்லி அவள் சிரித்தாள். அப்போது அவளுக்குக் கண் நன்றாக இருந்தது.

சர்க்கரை கண்ணைத் தின்ன ஆரம்பித்த பிறகு அவளும் தாளுக்கு வந்தாள். செய்தியோ சமையல் குறிப்போ, எதுவானாலும் பெரிய எழுத்தில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, மூக்கு தாளில் உரசப் படிப்பாள். மூக்கு நுனியில் மை ஒட்டியிருக்கும். பிறகு தாளும் போயிற்று. பேச்சு வந்தது. பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார், தகரத்தை இழுப்பது மாதிரி ஒரு குரல், அவள் அதற்குத் தகரவாயன் என்று பேர் வைத்தாள். தகரவாயன் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் பட்டன்களைப் படிப்பான். இணைப்பு முகப்பு, இணைப்பு எங்களைப் பற்றி, இணைப்பு எங்கள் சேவைகள், படம், படம், படம். "ஏனுங்க, இவன் எப்பத்தான் விசயத்துக்கு வருவான், பந்தியில உக்கார வெச்சு எலை எலையா எண்ணிக்கிட்டே இருக்கறான், சோத்தக் காணம்" என்பாள். படம் என்று அவன் சொன்னால் என்ன படம் என்று கேட்பாள். யாருக்குத் தெரியும், செய்தவன் சொல்லாமல் விட்டிருப்பான். "பாக்கறவனுக்கு மட்டும் செஞ்சிருக்கறான்" என்று ஒருதரம் சொன்னாள், கோபமாக இல்லை, உப்பு குறைவு என்று சொல்வது மாதிரி. அதிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கங்களில் ஒரு படத்தைக்கூட அது என்ன படம் என்ற சொல்லில்லாமல் அவர் விட்டதில்லை, தாள் கோப்பையும் அப்போதுதான் எழுதினார். யாரும் பார்க்காத வேலை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தைத்த தையல். அதைத்தான் தூக்கியாயிற்று. அவள் போய் நான்காவது வருஷம் நடக்கிறது, அவள் சொன்னதன் பேரில் செய்து வைத்ததை எவனோ ஒருவன், அவளைத் தெரியாதவன், தாள் என்ற பேரைப் பார்த்து இது எதுக்குடா என்று கேட்டு, ஒரு விரலால்.

புதுப் பக்கம் தாளில் எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் வந்து நிற்கிறார். வரிசை நகர்கிறது. இப்போது அவருக்கு முன்னால் ஒரே ஒரு அம்மாள், ஐம்பதுக்கு மேல் இருக்கும், கையில் ஒயர் கூடை, கூடைக்குள் எக்ஸ்ரே உறை. கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் கோகிலா, கடைக்காரனின் தங்கை, வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டிருப்பாள். அம்மாள் தன் போனை நீட்டுகிறாள், "கண்ணு, எம்பையன் அனுப்பிச்சிருக்கறான் பாரு, இதத் தாள்ல எடுத்துக் குடு, எங்கூட்டுக்காரருக்கு நாளைக்கு வகுத்துல கொழாய் உட்டுப் பாக்கறாங்களாம், என்னென்ன செய்யோணும்னு இதுல போட்டிருக்குதாம்." "எண்டோஸ்கோபிங்களாக்கா." "அதென்னமோ கோப்பி." கோகிலா பக்கத்தைத் திறக்கிறாள். சென்னியப்பன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார், எட்டாமல் இருக்க முடியவில்லை, அவருடைய பக்கம் அது, அவருடையதாக இருந்த பக்கம். புதுப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது. வெள்ளைக்கோட்டு டாக்டர்கள் சிரிக்கிறார்கள். கீழே போகிறாள், நடுவில் ஒரு சிவப்புப் பட்டை, இரண்டு விரல் அகலம், அதில் வெள்ளையில் அழகான வளைவு எழுத்து: பரிசோதனை அன்று காலை சர்க்கரை மாத்திரை, சர்க்கரை ஊசி போடக் கூடாது. இந்த எழுத்து பக்கங்களில் வராதே, கல்யாணப் பத்திரிகை எழுத்தல்லவா இது. புரிந்துவிட்டது. இது எழுத்தே இல்லை, எழுத்தின் படம். தமிழ் எழுத்து அழகாக அமையவில்லை என்று படமாக வரைந்து, அந்தப் படத்தையும் சுவரில் அடித்த வர்ணம் மாதிரி பின்னணியில் ஒட்டியிருக்கிறான். தகரவாயன் இதைப் படிக்க மாட்டான், அவனுக்கு இங்கே ஒன்றுமே இல்லை. தாளோ, மை மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னணியை எப்போதும் விட்டுவிடும். விடுமா. இயந்திரம் உறுமித் தாளைத் துப்புகிறது. கோகிலா எடுத்துக் கொடுக்கிறாள். காலி. சிவப்புப் பட்டை இருந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை, மூச்சு வாங்க விட்ட இடம் மாதிரி.

அவருக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். வயிற்றிலிருந்து எழுந்து மார்பைச் சுட்டுக்கொண்டு வந்த சந்தோஷம், மாட்டினாயா என்று. கோகிலாவிடம் "அதே பக்கத்தை எனக்கும் ஒண்ணு எடும்மா" என்கிறார். அவருக்கு வேண்டியது அந்த வெள்ளை. அதை மடிக்காமல் எடுத்துக்கொண்டு போய் சுதாகரின் கண்ணாடி மேசைமேல் வைத்து, இதைப் படிங்க என்று சொல்ல வேண்டும். எதைங்ணா என்பான். இந்த வெள்ளையை. இங்கே என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. இங்கே ஒண்ணுமில்லையேங்ணா. அதைத்தான் நானும் சொல்றேன், உங்க கம்பெனிக்காரங்க எழுதினதைப் படிங்க. யாரு ப்ரிண்ட் எடுக்கறாங்கன்னு கேட்டீங்களே, வாங்க, ஜன்னல்கிட்ட வாங்க, அந்தக் கடையைப் பாருங்க. இல்லை, இது நீளமாகப் போகிறது, அவன் நடுவில் போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிடுவான். சுருக்கமாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கை வேர்த்துப் பிசுபிசுக்கிறது. வேர்த்த கை. வசந்தாமணியின் கை ஒருநாள் இப்படித்தான் இருந்தது, ஆனால் சில்லென்று. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிற நாள், பழக்க தோஷத்தில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தாள், சோறில்லாத உடம்பில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிட்டது. லேப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஏதோ சொன்னாள், சொல் குழைந்து வந்தது, கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். திரும்பிப் பார்த்தால் நெற்றியெல்லாம் தண்ணீர், கண் எங்கேயோ நிற்கிறது, சேலை முந்தானை நனைந்து ஒட்டியிருக்கிறது. டீக்கடைக்கு ஓடி டம்ளரோடு சர்க்கரையை அள்ளிக்கொண்டு வந்து வாயில் திணித்தபோது அவள் பல் கிட்டியிருந்தது. விரலை விட்டுப் பிரித்தார். அந்தப் பல்லின் அழுத்தம். சர்க்கரை உதட்டோரம் வழிந்து மண்ணில் விழுந்ததும், வெகு நேரம் கழித்து அவள் "இனிச்சுக் கெடக்குது" என்று சொன்னதும். அதுதான் அந்த வெள்ளைக்குள் இருப்பது. சுதாகரின் மேசைமேல் இருக்கப் போவது தாளில்லை, பல். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் நாளைக் காலையில் எழுந்து, வெறும் வயிற்றில், எப்போதும் போல. சென்னியப்பன் தலையைத் திருப்புகிறார். முன்னால் யாரும் இல்லை. "உங்களுதுங் சார்" என்று கோகிலா தாளை நீட்டுகிறாள். ஒயர் கூடை கடையில் இல்லை.

பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த அம்மாள் சில்லறையை வாங்கிக்கொண்டு அவரை உரசிக்கொண்டுதான் போயிருப்பாள். வெளியே வந்து பார்க்கிறார், வெயில் கண்ணில் அடிக்கிறது. பஸ் நிறுத்தம் கொஞ்ச தூரத்தில், வேப்ப மரத்துக்கு அடியில், அங்கே கூடை தெரிகிறது, பக்கத்தில் கட்டைமேல் ஒல்லியாக ஒருவர், தோளில் துண்டு. ஓடி வெகுகாலமான கால் முழங்காலில் முறைக்கிறது. "ஏனுங்க, அந்தத் தாள்ல ஒண்ணு விட்டுப் போச்சுங்க" என்கிறார், மூச்சு வாங்க. அம்மாள் ஏற இறங்கப் பார்க்கிறாள். "நீங்க யாருங்?" நல்ல கேள்வி. யார். ஆஸ்பத்திரிக்காரர் இல்லை, கடைக்காரர் இல்லை. "நாளைக்குக் காலையில சர்க்கரை மாத்தரை போடக் கூடாதுங்க, அவருக்கு சர்க்கரை இருக்குதுங்களா?" "இருக்குது, இருந்தா உங்களுக்கென்னங்? நீங்க டாக்டருங்களா?" "இல்லீங்க." "பின்ன?" அவர் தன் போனை எடுத்துச் சிவப்புப் பட்டையைத் திறந்து காட்டுகிறார். வெயிலில் அவள் முகம்தான் அதில் தெரிகிறது. "போன்ல என்னென்னமோதான் வருது. எங்க நங்கையா, எங்கண்ணன் சம்சாரம், போன்ல வந்துச்சுன்னு எதையோ அரைச்சுக் குடிச்சு மூணு நாள் எந்திரிக்கல" என்கிறாள். பேனாவை எடுக்கிறார், "குடுங்க, அந்த எடத்துல எழுதித் தர்றேன்." தாளைச் சடக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். "ஆசுபத்திரித் தாளாச்சுங்களே, அதுல நீங்க எப்படி எழுதுவீங்க. அப்படி ஒண்ணு இருந்தா அவுங்களே போட்டிருக்க மாட்டாங்களா. தாள்ல இல்லையே." தாளில் இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று எத்தனை கூட்டத்தில், எத்தனை சுதாகர்களிடம் சொல்லியிருப்பார், ஒருவனும் காது கொடுக்கவில்லை. இங்கே ஒருத்தி அதையே அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள், கையில் வெள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. போகட்டும், எக்கேடோ கெடட்டும், ஒரு தரம் சொல்லியாயிற்று என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறது, அதுவும் கோபத்தின் குரல்தான், வெட்கங்கெட்ட குரல். "பஸ் எப்பங்க?" என்று கேட்கிறார். "அறச்சலூர் வண்டி, வந்தாப் போயிருவோம்." "வந்தா நிறுத்தி வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடுகிறார்.

கோகிலாவிடம் விளக்கம் சொல்ல நேரமில்லை, "எந்திரிம்மா" என்கிறார். "ஏனுங் சார்?" "எந்திரி." நாற்காலி சூடாக இருக்கிறது. திரையில் அச்சிடும் பெட்டியைத் திறந்து, கீழே, இன்னும் கீழே, யாரும் போகாத இடத்தில் ஒரு சின்னக் கட்டம், பின்னணிப் படங்களையும் அச்சிடு என்று. அதற்குள் ஒரு டிக். ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு டிக்குக்குப் பின்னால் ஒரு மனுஷனுடைய நாளைக் காலையை ஒளித்து வைத்திருக்கிறார்கள். "ஐயோ, அதைப் போட்டா மையெல்லாம் உறிஞ்சிரும் சார், எங்கண்ணன் என்னத் திட்டுவான்" என்கிறாள் கோகிலா. "உங்கண்ணனை எங்கிட்ட அனுப்பு." அவர் குரல் அவருக்கே புதிதாக இருக்கிறது, கடையில் நிற்கிறவர்கள் திரும்புகிறார்கள். இயந்திரம் யோசிக்கிறது. தாளை உள்ளே இழுக்கிறது, நிற்கிறது, மறுபடி இழுக்கிறது. சாலையில் ஒரு ஹாரன் கேட்கிறது, அறச்சலூரா, வேறா, எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரிதான் அலறுகின்றன. தாள் அங்குலம் அங்குலமாக வருகிறது, டாக்டர்கள் சிரிக்கிறார்கள், சிரித்து முடியுங்கள் சீக்கிரம், பிறகு வெள்ளை, பிறகு வரிகள், பிறகு கறுப்பாக அந்தப் பட்டை, சிவப்பு மை இல்லாத இயந்திரம், கறுப்புக்குள் வெள்ளையாக அந்தக் கல்யாணப் பத்திரிகை எழுத்து. உருவிக்கொண்டு ஓடுகிறார்.

பஸ் நின்றுகொண்டிருக்கிறது, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஜன்னலோரத்தில் அம்மாள். தாளை நீட்டுகிறார். வாங்கி, கூடையிலிருந்து பழையதை எடுத்து, இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெள்ளையின் மேல் ஒரு விரலும் கறுப்பின் மேல் ஒரு விரலுமாகப் பார்க்கிறாள். பிறகு எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிக்கிறாள், காலை, சர்க்கரை, மாத்திரை, போடக் கூடாது. அவள் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து தலையை நீட்டி, "எந்திரிச்சதும் மொத வேலையே அதைத்தானுங்க போடுவேன்" என்கிறார். அம்மாளின் முகம் மாறுகிறது. நிம்மதி வரும் என்று பார்த்தால் வருவது வேறு. "அப்ப இதை மொதல்லயே ஒழுங்காப் போட்டுக் குடுக்கறதுக்கு உங்களுக்கு என்னங்க கேடு?" என்கிறாள். "நீங்க ஓடியாந்தீங்க, சரி. ஓடியாரலைன்னா? நேத்து வந்தவன், முந்தாநேத்து வந்தவன் எல்லாம் எந்தத் தாளைக் கொண்டுட்டுப் போனான்? அவன் பின்னால யாருங்க ஓடுனா?" அவர் கடையில் நின்று செதுக்கிக்கொண்டிருந்த பேச்சில் இது இல்லை. ஜன்னல், கடை, கண்ணாடி மேசை எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லை. புதுப் பக்கம் திங்கட்கிழமை போட்டது, இன்றைக்கு வியாழன். நான் அங்கே வேலை செய்கிறவன் இல்லை என்று சொல்ல வாயெடுக்கிறார், அதற்குள் அந்த ஒல்லி மனிதர் மனைவியின் கையைத் தொட்டு, "உடு கண்ணு, அவரு என்ன பண்ணுவாரு பாவம்" என்கிறார். விசில். பஸ் நகர்ந்து புகையை முகத்தில் விட்டுவிட்டுப் போகிறது.

பாவம். அவள் திட்டியது உறைக்கவில்லை, திட்டு சரியான திட்டு, ஆள்தான் மாறிப் போயிற்று. இது உறைக்கிறது. அவரு என்ன பண்ணுவாரு. சரிங்க என்று போனை வைக்கிறவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. இருமல் வருகிறது, கண்ணில் நீர் வருகிறது, புகையாக இருக்கும். எண்டோஸ்கோபிக்குத் தேதி கொடுத்தால் போன் நம்பர் வாங்காமல் கொடுக்க மாட்டார்கள், அது அவருக்குத் தெரியும், ஒவ்வொருவர் நம்பரும் சுதாகரின் கம்ப்யூட்டரில் இருக்கும். சாலையைக் கடக்கிறார். ஒரு வண்டிக்காரன் ஏதோ கத்திவிட்டுப் போகிறான். வாசலில் காவலாளி "யாரைப் பாக்கோணும்ங்?" என்று எழுந்திருக்கிறான், பதில் சொல்லாமல் தாண்டுகிறார், படி ஏறுகிறார், முழங்கால் வலிக்கிறது, வலிக்கட்டும். மேலாளர் அறையில் சுதாகர் டப்பாவைத் திறந்து வைத்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "அட, வாங்கண்ணா, உக்காருங்க, சாப்பிட்டுட்டு நிதானமாப் பேசலாம்" என்கிறான். சென்னியப்பன் உட்காரவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்துக்குப் போகிறார், போன் ரிசீவரை எடுத்து அவன் சோற்றுக்கையைப் பார்த்துவிட்டு இடது கையில் வைக்கிறார்.

"திங்கக்கிழமையிலிருந்து தேதி வாங்கினவங்க எல்லாரையும் கூப்பிடு" என்கிறார். "நாளைக்கு வர்றவங்களை மொதல்ல."